சகிப்பு வரம்பு: புலியும் சிறுத்தையும் எத்தனை வாழலாம் என்பதை ஊர் எப்படி முடிவு செய்கிறது?

சிறுத்தை ஓர் ஆட்டைத் தூக்கிப் போனதாகச் செய்தி வந்தால், அதைத் தொடர்ந்து எழும் பேச்சு பெரும்பாலும் மூன்று வகைதான். காட்டை அழித்த மனிதனுக்கு இது வேண்டும் என்பார் ஒருவர். ஆள் முக்கியமா மிருகம் முக்கியமா, சுட்டுத் தள்ளுங்கள் என்பார் இன்னொருவர். மலையோர மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

மூவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விலங்கின் பக்கத்தில் வாழ்கிறவரின் மனநிலையை அன்பு, வெறுப்பு என்ற இரண்டில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். புலியைக் கும்பிடுகிறவருக்கும் மாடு செத்தால் ஆத்திரம் வரும். புலி என்றாலே ஆகாதவர், அது நடமாடும் ஓடையின் பக்கத்தில் ஆயுள் முழுக்க அதற்கு ஒரு கெடுதலும் செய்யாமல் வாழ்ந்துவிடுவார். புலி, சிறுத்தை, சிங்கம், ஓநாய் போன்ற பெரிய ஊனுண்ணிகளின் பாதுகாப்பில் மக்கள் மனநிலை வேலை செய்யும் விதம் இதைவிடச் சிக்கலானது. ஆனால் புரிந்துகொள்ள முடியாதது அல்ல.

## முதலில் மைக்செட் கணக்கு

ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும் திருவிழா. மூன்று நாள் காலை ஐந்து மணிக்கே மைக்செட் அலறும். யாரும் சண்டைக்குப் போவதில்லை. அதே தெருவில், அதே சத்தத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்குப் பாட்டுப் போட்டால் ஒரே இரவில் போலீசுக்கு போன் போகும்.

சத்தம் ஒன்றுதான். திருவிழாச் சத்தம் எப்போது முடியும் என்று தெரியும், அதில் நமக்கும் பங்கு உண்டு, தாங்கவில்லை என்றால் யாரிடம் போய்க் குறைக்கச் சொல்வது என்பதும் தெரியும். மற்றதில் இந்த மூன்றுமே இல்லை.

பெரிய ஊனுண்ணி விஷயத்திலும் இதே கணக்குதான். எத்தனை ஆடு போனது என்பது சத்தத்தின் அளவு மாதிரி. மக்கள் எவ்வளவு பொறுத்துக்கொள்வார்கள் என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.

## காடு தாங்குவது ஒன்று, ஊர் தாங்குவது வேறு

ஓர் இடத்தின் இரையும் நீரும் மறைவிடமும் எத்தனை விலங்குகளுக்குப் போதும் என்பதைத் தாங்குதிறன் என்கிறார்கள். அங்கே வாழும் மக்கள் எத்தனை விலங்குகளைப் பொறுத்துக்கொள்வார்கள் என்பது சகிப்பு வரம்பு. இந்த இரண்டாவது கருத்துக்கு 1988-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் டேனியல் டெக்கரும் கென் பர்டியும் தெளிவான வடிவம் கொடுத்தார்கள். இந்த இரண்டில் எது சிறியதோ அதுதான் விலங்கின் எண்ணிக்கைக்குக் கூரை.

மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியைப் பாருங்கள். கரும்புத் தோட்டமும் வீடும் கலந்த வெளி. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், தானியங்கிக் கேமராக்களை வைத்துக் கணக்கிட்டபோது 100 சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 4.8 வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் கழுதைப்புலிகளும் இருந்தன. காப்புக்காடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அந்தச் சிறுத்தைகளின் உணவில், எடைக் கணக்கில், சுமார் 39 விழுக்காடு நாய். குப்பையை நம்பி நாய் வாழ்கிறது, நாயை நம்பிச் சிறுத்தை வாழ்கிறது. கரும்புக்காடு அத்தனை சிறுத்தையைத் தாங்கும். அதை ஊரும் தாங்கிக்கொண்டதால்தான் அவை அங்கே இருந்தன.

இதற்கு நேர்மாறான காட்சி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். 2021 ஜனவரியில் ஓநாய்க்கான மத்திய அரசுப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. பிப்ரவரியில் வேட்டை திறந்தது. மொத்த ஒதுக்கீடு 200 ஓநாய். அதில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கு 119, ஓஜிப்வே பழங்குடிகளுக்கு 81. மூன்று நாள் முடிவதற்குள் வேட்டைக்காரர்கள் 218 ஓநாய்களைக் கொன்றுவிட்டார்கள். ஓநாயை உடன்பிறப்பாகக் கருதும் ஓஜிப்வேக்கள் தங்கள் பங்கில் ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. காடும் ஓநாயும் சட்டமும் இருவருக்கும் ஒன்றுதான், மனநிலை மட்டுமே வேறு. அதன் பலனை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம்.

இதுவரை பார்த்தது: இரையும் இடமும் இருந்தால் ஊனுண்ணி வாழ முடியும். ஆனால் எத்தனை வாழும் என்பதைப் பெரும்பாலும் ஊரின் சகிப்பு வரம்பு தீர்மானிக்கிறது.

## ஒருவரின் கோபம் ஐந்து புலியை எப்படிக் கொல்கிறது

ஊரில் பெரும்பாலானோர் புலிக்கு ஆதரவு, எனவே புலி பத்திரம் என்று நினைப்பது பெரிய பிழை. இங்கே பெரும்பான்மை வாக்குக்கு மதிப்பு குறைவு. காரணம் புலியின் சாப்பாட்டுப் பழக்கம்.

ஒரு மாட்டை அடித்தால் புலி அதை ஒரே வேளையில் தின்று முடிக்காது. பக்கத்துப் புதரில் படுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்ப வந்து தின்னும். தாய்ப்புலியாக இருந்தால் குட்டிகளையும் கூட்டி வரும்; குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயதுவரை தாயை ஒட்டியே வாழும். செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்தைத் தடவ ஒரே ஓர் ஆள் போதும். துப்பாக்கி வேண்டாம், துணிச்சல் வேண்டாம், காட்டுக்குள் போகக்கூட வேண்டாம்.

2025 ஜூன் மாதம் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைக் காட்டில், நம் சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் இப்படித்தான் செத்தன. பக்கத்தில் விஷம் தடவிய மாட்டின் உடல் கிடந்தது. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்ததும் அதே வகையில்தான்; மாட்டைப் பறிகொடுத்தவர் கைதானார்.

2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மொத்தம் 306 புலிகள். இந்த எண்ணோடு ஒப்பிட்டால் ஐந்து என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். பெரிய ஊனுண்ணிகள் இயல்பிலேயே எண்ணிக்கையில் குறைவு, மெதுவாகப் பெருகுபவை. குட்டி போடும் வயதில் உள்ள ஒரு பெண்புலி போனால், அது வளர்த்துக்கொண்டிருந்த குட்டிகளும் சேர்ந்தே போய்விடும். அதனால் ஊரின் சராசரி மனநிலையைவிட, அதிகம் இழந்த பத்துப் பேரின் மனநிலைதான் முக்கியம். பாதுகாப்புத் திட்டங்கள் பல, பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி வைத்துவிட்டு இந்தப் பத்துப் பேரை மறந்துவிடுகின்றன.

## வரம்பை ஏற்றுவது எது, இறக்குவது எது

முதலில் பயம். ஆபத்தை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய்ந்த பால் ஸ்லோவிக் 1987-ல் எழுதியது இங்கே அப்படியே பொருந்தும். சாவு எண்ணிக்கையைப் பார்த்து மனிதர்கள் பயப்படுவதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாதது, திடீரென வருவது, கோரமானது, தானாகத் தேர்ந்துகொள்ளாதது ஆகியவற்றுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நம் நாட்டில் நாய்க்கடியால் சாகிறவர்கள் சிறுத்தையால் சாகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இதை ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியிடம் சொல்லிப் பாருங்கள், பயம் ஒரு துளி குறையாது. இருட்டில் கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு விழுக்காட்டுக் கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே கழிப்பறையும் எரியும் விளக்கும் இருந்தால் பயம் குறையும், ஏனென்றால் இப்போது நிலைமை அவர் கையில் இருக்கிறது.

இரண்டாவது நம்பிக்கை. விலங்கின் மீது இருக்கும் கோபம் என்று நாம் நினைப்பதில் பாதி வனத்துறை மீதான கோபம். புல் அறுக்கப் போனால் வழக்கு, விறகு எடுத்தால் அபராதம், ஆனால் மாட்டைப் புலி அடித்தால் மட்டும் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்ற மனக்கசப்பு. "உங்க புலி எங்க மாட்டைத் தின்னுருச்சு" என்று வனக்காவலரிடம் சொல்லும்போது, அந்த "உங்க" என்ற ஒரு சொல்லில் மொத்தச் சிக்கலும் இருக்கிறது.

மூன்றாவது பணம். இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். இழப்பீடு கொடுத்தால் கோபம் தீர்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். விஸ்கான்சினில் ஓநாயால் கால்நடை இழந்தவர்களை வைத்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று, இழப்பீடு வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட அதிகம் சகிப்பவர்களாக இல்லை என்று கண்டது. அதற்காக இழப்பீடு வீண் என்று சொல்லிவிட முடியாது. கென்யாவில் மாடு மேய்க்கும் மாசாய் மக்களின் நிலத்தில் இழப்பீட்டுத் திட்டம் சிங்கக் கொலையை 87 முதல் 91 விழுக்காடு வரை குறைத்தது என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அதே பகுதியில், சிங்க வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர்களையே சம்பளம் கொடுத்துச் சிங்கக் காவலர்களாக வைத்த திட்டம் 99 விழுக்காடு குறைத்தது. அந்த இளைஞர்கள் சிங்கங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அவை நிற்கும் இடத்தை மேய்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். தொலைந்த மாடுகளைத் தேடிக் கொடுத்தார்கள். வீரன் என்ற மதிப்பு சிங்கத்தைக் கொல்வதிலிருந்து காப்பதற்கு இடம் மாறியது.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் கிப்பர் கிராமம் இன்னொரு வழியில் போனது. பனிச்சிறுத்தையால் போகும் கால்நடைகளுக்கு 2002-ல் கிராமத்தினரே சந்தா கட்டும் காப்பீடு தொடங்கியது. யாருக்கு எவ்வளவு என்பதைக் கிராமக் குழுவே முடிவு செய்தது. பொய் சொல்லிப் பணம் கேட்டால் அண்டை வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் காத்து நிற்கும் அவமானமும் இல்லை.

நம் ஊரில் இழப்பீடு ஏன் தடம் புரள்கிறது என்பதற்கும் காரணங்கள் உண்டு. மாடு செத்த உடனே வனச்சரக அலுவலருக்குச் சொல்ல வேண்டும், உடலை நகர்த்தக் கூடாது, கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் எந்த விலங்கு கொன்றது என்று உறுதிசெய்ய முடியாது. காப்புக்காட்டுக்குள் மேயும்போது செத்திருந்தால் பல இடங்களில் ஒன்றும் கிடைக்காது. இந்தக் கடைசி விதியின் விளைவை யோசியுங்கள்: பணம் வராது, சொன்னால் அத்துமீறி மேய்த்ததாக வழக்கும் வரலாம் என்றால் அவர் எதற்கு வனத்துறைக்குச் சொல்வார்? விஷம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

மாட்டின் உடலை அப்படியே விடச் சொல்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதை இழுத்துப் புதைத்துவிட்டால், பசியோடு திரும்பி வரும் புலி அடுத்த மாட்டைத் தேடும்.

சுருக்கமாக: இழப்பின் அளவைவிட, நிலைமை தன் கையில் இருக்கிறதா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா, முடிவெடுப்பதில் தனக்கு இடம் உண்டா என்பவைதான் சகிப்பைக் கூட்டிக் குறைக்கின்றன.

## "கூண்டு வைங்க" என்ற கோரிக்கை

சிறுத்தையைப் பார்த்த மறுநாளே மறியல், உடனே கூண்டு. சிக்கிய சிறுத்தையை லாரியில் ஏற்றித் தூரத்துக் காட்டில் விட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. இதுவும் மனநிலை பாதுகாப்பை வடிவமைக்கும் ஒரு வழிதான், தவறான திசையில்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் நடந்ததை வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் பதிவு செய்தார்கள். 1993 முதல் 2001 வரை அங்கே மனிதர்கள் மீது ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல். 2001-ல் பெரிய அளவில் சிறுத்தைகளைப் பிடித்து வேறிடத்தில் விடத் தொடங்கினார்கள். மொத்தம் 29 சிறுத்தைகள். அதன்பின் சராசரி 17 ஆனது.

ஏன் இப்படி? சிறுத்தைக்குத் தனக்கென்று ஒரு வாழ்வெல்லை உண்டு, அதாவது தான் சுற்றி வந்து இரை தேடி, பிற சிறுத்தைகளிடமிருந்து காத்துக்கொள்ளும் பரப்பு. அதன் ஒவ்வொரு சந்தும், எந்த நேரத்தில் ஆள் வருவார் என்பதும் அதற்கு அத்துப்படி; ஒதுங்கிப் போகத் தெரியும். அதைத் தெரியாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் திசை தெரியாமல் ஊர் ஊராக அலையும், பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். காலியான எல்லைக்குள் புதிய சிறுத்தை நுழையும். சில சமயம் அது அனுபவமில்லாத இளசாக இருக்கும். ஒரு சிறுத்தைச் சிக்கல் இரண்டு ஊர்ச் சிக்கலாகிவிடும். மத்திய அரசு 2011-ல் வெளியிட்ட சிறுத்தை வழிகாட்டுதல்களும், கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் பிடித்து இடம் மாற்றுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

மனிதரைத் திரும்பத் திரும்பத் தாக்கும் விலங்கு வேறு கணக்கு. அதைப் பிடிக்கவோ, வேறு வழியே இல்லை என்றால் கொல்லவோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. 2021-ல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி-23 என்ற புலியைத் தேடிய மூன்று வாரங்களை நினைவிருக்கலாம். சுட உத்தரவு, அதற்கு எதிராக நீதிமன்றத்தில் வழக்கு, கடைசியில் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தது வரை எல்லாமே நேரலை மாதிரி நடந்தது. அப்போது சென்னையிலிருந்து கருத்துச் சொன்னவர்களுக்கும் தேவர்சோலையில் மாடு மேய்த்தவர்களுக்கும் இடையே இருந்த தூரம், மனநிலை என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதை வேறு எதையும்விட நன்றாகக் காட்டியது.

பத்திரிகைத் தலைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. "ஊருக்குள் புகுந்த சிறுத்தை அட்டகாசம்" என்று போட்டால், அது வருடக்கணக்காக அங்கேயே வாழ்கிறது என்ற உண்மை மறைந்துவிடும். மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி 2011-க்குப் பிறகு வனத்துறையும் ஆய்வாளர்களும் செய்தியாளர்களோடு அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். பீதிச் செய்திகளுக்கு நடுவே, குப்பையை அகற்றுவது, குழந்தைகளை இருட்டில் தனியே விடாதது போன்ற தகவல்களும் இடம்பெற ஆரம்பித்தன.

## பட்டியும் விளக்கும்

சகிப்பை வளர்க்கும் வேலை பெரும்பாலும் கம்பியும் கதவும் சம்பந்தப்பட்டது. ஆட்டுப்பட்டிக்குச் சுவர் மட்டும் உயர்த்திக் கூரையைத் திறந்து விடுவது எல்லாவற்றிலும் மோசம். சிறுத்தை சுவரைத் தாண்டி உள்ளே குதிக்கும். ஆடுகள் தப்ப வழியில்லாமல் மிரண்டு ஓடும். ஓடுவதையெல்லாம் அது கடிக்கும். ஒரே இரவில் பத்து, இருபது ஆடு சாவது இப்படித்தான். இதைத் தேவைக்கு மிஞ்சிய கொலை என்பார்கள். லடாக்கிலும் ஸ்பிதியிலும் பட்டியின் மேல் உத்தரம் போட்டுக் கம்பிவலை விரித்து, இடுக்கில்லாத மரக்கதவு வைத்தார்கள். வலையின் கண்ணி சிறியதாக இருக்க வேண்டும், கதவின் அடியில் தோண்ட முடியாதபடி கல் பதிக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் மொத்தச் செலவும் வீண்.

ஆனைமலையில் இருக்கும் வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக்கு நடுவே சோலைத் துண்டுகள். அங்குள்ள சிறுத்தைகள் பெரும்பாலும் காட்டு இரையையே தின்கின்றன. ஆனாலும் மாலை மங்கும் நேரத்தில், வீட்டு வாசலிலோ பாதையிலோ, குழந்தைகள் மீது தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளைச் சுற்றிப் புதரை வெட்டுவது, விளக்கு எரியவைப்பது, இறைச்சிக் கழிவை அங்கே கொட்டாமல் பார்ப்பது, இருட்டியபின் குழந்தையை முன்னால் விட்டுப் பெரியவர் பின்னால் நடப்பது ஆகியவைதான் பரிந்துரைகள். எல்லாமே சின்ன வேலை. ஆனால் விளக்கும் கழிப்பறையும் புதர் வெட்டலும் எஸ்டேட் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் செய்யாததைத் தொழிலாளியின் விழிப்புணர்வு ஈடுகட்டாது.

## மனநிலையை அளப்பது எப்படி

"புலியைக் காக்க வேண்டுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, அதிலும் கேட்பவர் காக்கிச் சட்டை போட்டிருந்தால். ஆண்களிடம் மட்டும் கேட்பது, தாக்குதல் நடந்த வாரத்திலேயே கேட்பது என்று வேறு குளறுபடிகளும் உண்டு. "நீங்கள் விஷம் வைத்தீர்களா?" என்பதை நேராகக் கேட்கவே முடியாது.

அதற்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் ஊனுண்ணிக் கொலைகளை அறிய இது பயன்பட்டிருக்கிறது. பதில் சொல்பவர் மற்றவர் பார்க்காமல் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் எதுவானாலும் "ஆம்" என்பார். 6 விழுந்தால் எதுவானாலும் "இல்லை" என்பார். மற்ற எண்களுக்கு உண்மையைச் சொல்வார். தனி ஆளின் "ஆம்" எதையும் நிரூபிக்காது, அதனால் அவருக்குப் பயமில்லை. மொத்தத்தில் கணக்கு கிடைத்துவிடும்: 120 பேரில் சுமார் 20 பேருக்கு 1 விழுந்திருக்கும், 80 பேர் உண்மை சொல்லியிருப்பார்கள். 36 "ஆம்" வந்தால் 20-ஐக் கழித்து 16. 80-ல் 16, அதாவது ஐந்தில் ஒருவர்.

## சாமியும் புதிய ஆட்களும்

மும்பையைச் சுற்றியுள்ள வார்லி பழங்குடிகள் வாகோபா என்ற பெரும்பூனைத் தெய்வத்தை வணங்குகிறார்கள். அவர்களிடையே 150 வாகோபா கோயில்களைப் பதிவு செய்த ஆய்வு 2021-ல் வெளியானது. பூசை செய்தால் வாகோபா காப்பார், தவறினால் தண்டிப்பார். இதைப் பார்த்துவிட்டு "பழங்குடிகள் இயற்கையோடு இணைந்தவர்கள்" என்று உருகுவது எளிது. உள்ளே நடப்பது மைக்செட் கணக்குதான்: இழப்புக்கு ஒரு காரணமும், செய்வதற்கு ஒரு சடங்கும், போய் முறையிட ஓர் இடமும் இருக்கின்றன. குஜராத்தின் கிர் காட்டில் கால்நடை மேய்க்கும் மால்தாரிகள் சிங்கத்தோடு வாழ்வதற்கு வெறும் மரபு மட்டும் காரணமில்லை. காட்டில் இலவசமாக மேய்க்கும் உரிமை அவர்களுடைய கால்நடை இழப்பை ஈடுகட்டுகிறது. அந்த உரிமையைப் பறித்துவிட்டு மரபை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும்.

சகிப்பு ஓர் ஊரின் நிரந்தரச் சொத்தும் கிடையாது. வால்பாறையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விட்ட லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள். எந்த வளைவில் மாலையில் நிற்கக் கூடாது, எந்தக் குரைப்புச் சத்தத்துக்குக் குழந்தையை உள்ளே கூப்பிட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. எச்சரிக்கைப் பலகைகள் தமிழில் இருக்கின்றன. இந்தி தெரிந்த ஒருவரை வைத்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தால், எஸ்டேட்டுக்கு ஆகும் செலவு அரைநாள் கூலிதான்.